தேவ்லாலி ஆசிரியர் கண்ட எண்

நுழையுமுன்

பேருந்துச் சீட்டின் எண்ணைக் கூட்டிப் பார்ப்பதும், முன்னே செல்லும் ஊர்தியின் பதிவெண்ணைத் தலைகீழாகப் படிப்பதும் பள்ளிப் பருவத்து விளையாட்டுகள். வளர்ந்தபின் பலரும் அவற்றை மறந்துவிடுகின்றனர். மறவாத பள்ளி ஆசிரியர் ஒருவரையும், அவர் கண்ட எண் ஒன்றையும் பற்றியது இப்பாடம். படிக்கும்போது தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும்.

மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. தாராவியின் அஞ்சல் குறியீட்டு எண் 400017. மாட்டுங்காவின் எண் 400019. செம்பூரின் எண் 400071. ஒவ்வொன்றிலும் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 0017, 0019, 0071 என்பவை கிடைக்கும். இவற்றைக் கொண்டு ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம்.

கணக்கு எளிது. நான்கு இலக்கங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக எழுத வேண்டும். பின்னர் அவற்றையே சிறியதிலிருந்து பெரியதாக எழுத வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். கிடைத்த விடையை மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். தாராவியின் எண் இவ்வாறு செல்கிறது:

7100 – 0017 = 7083
8730 – 0378 = 8352
8532 – 2358 = 6174

அடுத்த படி என்ன? 7641 – 1467 = 6174. விடை மாறவில்லை. எத்தனை முறை தொடர்ந்தாலும் இனி 6174 மட்டுமே வரும்.

செம்பூரின் 0071 என்பதிலும் அதே இலக்கங்களே இடம் மாறி இருப்பதால், அதன் வழியும் இதுவே. மாட்டுங்காவின் எண் சற்றுச் சுற்றிச் செல்கிறது:

9100 – 0019 = 9081
9810 – 0189 = 9621
9621 – 1269 = 8352
8532 – 2358 = 6174

இரண்டு வழிகளும் 8352 என்னும் எண்ணில் வந்து கூடுவதைக் காணலாம். செம்பூரிலிருந்து துறைமுக வழித்தடத்தில் வரும் புறநகர் வண்டியும், மாட்டுங்காவிலிருந்து மத்திய வழித்தடத்தில் வரும் வண்டியும் குர்லா நிலையத்தில் சந்திப்பதைப் போன்றது அது.

இது இம்மூன்று எண்களுக்கு மட்டும் அமைந்த தற்செயல் அன்று. திருக்குறளின் குறட்பாக்கள் 1330. அந்த எண் 3177, 6354, 3087, 8352 என்று சென்று 6174 ஐ அடைகிறது. இந்தியா விடுதலை பெற்ற 1947 என்னும் ஆண்டு 8262, 6354, 3087, 8352 என்று சென்று அங்கேயே சேர்கிறது. நான்கு இலக்கங்களும் ஒன்றாக உள்ள 1111, 2222 போன்றவற்றைத் தவிர, எந்த நான்கு இலக்கத்தைக் கொண்டு தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும். ஒரே இலக்கம் நான்கு முறை வரும் எண்களில் முதற்கழித்தலிலேயே சுழியம் விடையாகிவிடுவதால் அவை விலக்கப்படுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. முன்னால் வரும் சுழியத்தை விட்டுவிடக் கூடாது. 2111 என்பதில் தொடங்கினால் 2111 – 1112 = 999 என்று வரும். அதனை மூன்று இலக்க எண்ணாகக் கருதினால் 999 – 999 = 0 என்று கணக்கு முடிந்துபோகும். 0999 என்று நான்கு இலக்கமாக எழுதினால் 9990 – 0999 = 8991 என்று வழி திறக்கும். அங்கிருந்து 8082, 8532 ஆகியவற்றைக் கடந்து 6174 வந்து சேரும். மதிப்பற்றது என்று கருதப்படும் இடப்புறச் சுழியமே இங்கு வழியை மூடாமல் காக்கிறது.

இந்த எண்ணின் இயல்பைக் கண்டவர் தத்தாத்ரேய இராமச்சந்திர காப்ரேக்கர். இவர் 1905 ஆம் ஆண்டு சனவரி 17 அன்று டஹாணுவில் பிறந்தார். மும்பையின் மேற்கு வழித்தடப் புறநகர் வண்டிகள் வடக்கே சென்று முடியும் இடம் அவ்வூரின் நிலையமே. எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை எழுத்தராகப் பணிபுரிந்தவர்; சோதிடக் கணக்குகளில் ஈடுபாடு உடையவர். காப்ரேக்கர் தாணேயில் பள்ளிக்கல்வி பயின்றார். புணே பெர்குசன் கல்லூரியில் பயின்றபோது, 1927 இல் ரேங்ளர் பராஞ்சபே கணிதப் பரிசு பெற்றார். 1899 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் இந்தியரின் பெயரால் வழங்கப்பட்ட பரிசு அது. 1929 இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். அதற்குமேல் அவர் எந்தப் பட்டமும் பெறவில்லை.

1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். தேவ்லாலி, பீரங்கிப் படைப் பயிற்சிப் பள்ளி அமைந்த படைமுகாம் ஊர். மும்பையிலிருந்து கல்யாண், இகத்புரி வழியாகத் தொடர்வண்டியில் செல்ல வேண்டும். பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நூலகமோ அவருக்கு அருகில் இல்லை. அவரிடம் இருந்தவை தாளும் எழுதுகோலும் பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதும் மட்டுமே.

1949 இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் 6174 என்னும் எண்ணின் இயல்பைக் காப்ரேக்கர் அறிவித்தார். நியூயார்க்கிலிருந்து வெளிவந்த 'ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா' என்னும் இதழில் அதனைப் பற்றிய அவருடைய கட்டுரை 1955 இல் வெளியாயிற்று. அவ்வெண் இன்று 'காப்ரேக்கர் மாறிலி' என்று வழங்கப்படுகிறது.

எல்லா எண்களும் 6174 க்கு வரும் என்பதை எவ்வாறு உறுதி செய்வது? 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நான்கு இலக்கத் தொகுதிகள் உள்ளன. ஒரே இலக்கம் கொண்ட பத்தை நீக்கினால் 9990 எஞ்சும். நூறு எண்களைச் சோதித்துவிட்டு மற்றவையும் அவ்வாறே இருக்கும் என்று கூறினால் அது ஊகம். ஒவ்வொன்றையும் கழித்துப் பார்ப்பதோ பெரும்பாடு. கழித்தலைச் சற்று உற்று நோக்கினால் இந்த இடர் நீங்கும்.

1947 ஐ எடுத்துக்கொள்வோம். இறங்குவரிசையில் எழுதினால் 9741. இதில் ஓரத்து இலக்கங்கள் 9, 1. அவற்றின் வேறுபாடு 8. நடு இலக்கங்கள் 7, 4. அவற்றின் வேறுபாடு 3. ஓர வேறுபாட்டை 999 ஆல் பெருக்கினால் 7992. நடு வேறுபாட்டை 90 ஆல் பெருக்கினால் 270. இரண்டின் கூட்டுத்தொகை 8262. முன்னர் 9741 – 1479 என்று கழித்துப் பெற்ற விடையும் இதுவே. 9 ஆயிரத்தானத்திலிருந்து ஒன்றின் தானத்துக்கு மாறும்போது அதன் மதிப்பு ஆயிரம் மடங்கிலிருந்து ஒரு மடங்காகக் குறைகிறது. 1 எதிர்த்திசையில் மாறுகிறது. அதனால்தான் 999 வருகிறது. நடுவில் உள்ளவை நூற்றின் தானத்துக்கும் பத்தின் தானத்துக்கும் இடையே மாறுவதால் 90 வருகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. முதற்கழித்தலின் விடை நான்கு இலக்கங்களையும் சார்ந்ததன்று. இரண்டு வேறுபாடுகளை மட்டுமே சார்ந்தது. ஓர வேறுபாடு 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வேறுபாடு ஓர வேறுபாட்டை விட மிகாது. ஓர வேறுபாடு 1 எனில் நடு வேறுபாடு 0 அல்லது 1 என இரண்டு வாய்ப்புகள். 2 எனில் மூன்று. இவ்வாறே சென்று 9 எனில் பத்து. 2 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டினால் 54. ஆக, 9990 தொகுதிகளும் ஒரே படியில் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த 54 இலும் இலக்கங்கள் ஒன்றாகவும் வரிசை மட்டும் வேறாகவும் உள்ளவை பல. ஓர வேறுபாடு 6, நடு வேறுபாடு 2 எனில் விடை 6174. ஓர வேறுபாடு 4, நடு வேறுபாடு 2 எனில் விடை 4176. இரண்டிலும் இருப்பவை அதே நான்கு இலக்கங்கள். இவ்வாறு ஒத்தவற்றை ஒன்றாகக் கொண்டால் முப்பது மட்டுமே எஞ்சும். முப்பதையும் ஒரு மாணவர் ஒரு மாலைப்பொழுதில் சோதித்துவிடலாம். சோதித்து முடித்தபின் அது ஊகம் அன்று; மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. இதற்கு உயர்கணிதம் எதுவும் வேண்டியதில்லை.

999, 90 ஆகிய இரண்டும் 9 ஆல் வகுபடும். ஆகவே ஒவ்வொரு படியின் விடையும் 9 ஆல் வகுபடும். விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 18 அல்லது 27 வருவது இதனாலேயே. 8352 இல் 18. 4995 இல் 27. நெடுங்கணக்கில் எங்கேனும் பிழை நேர்ந்தால் இக்கூட்டுத்தொகை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

6174 இன் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 தான். அந்த 18 ஆல் 6174 ஐ வகுத்தால் மீதியின்றி 343 கிடைக்கும். 343 என்பது 7 × 7 × 7. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணைக் காப்ரேக்கர் 'ஹர்ஷத' எண் என்று அழைத்தார். 'களிப்பை நல்குவது' என்பது அவ்வடசொல்லின் பொருள். மேலும், 18, அதன் வர்க்கமாகிய 324, அதன் கனமாகிய 5832 ஆகிய மூன்றையும் கூட்டினால் 6174 வருகிறது. இவ்வொற்றுமை அழகானதே. எனினும் மேற்கண்ட கழித்தல் கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை அறிந்திருத்தல் நல்லது. ஓர் எண்ணைப் பற்றிக் கூறப்படும் வியப்புகள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை அல்ல.

எண்களுக்குப் பெயரிடுவதில் காப்ரேக்கருக்கு இருந்த விருப்பம் தனித்துக் கூறத்தக்கது. மும்பையிலிருந்து ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் உள்ள டோம்பிவ்லி தொடர்வண்டி நிலையம் அந்நாளில் 'டெம்லோ' என்று வழங்கப்பட்டது. அந்நிலையத்தில் தமக்குத் தோன்றிய எண்களுக்கு அவர் 'டெம்லோ எண்கள்' என்றே பெயர் சூட்டினார். 11 ஐ 11 ஆல் பெருக்கினால் 121. 111 ஐ 111 ஆல் பெருக்கினால் 12321. 1111 ஐ 1111 ஆல் பெருக்கினால் 1234321. ஏறி இறங்கும் இவ்வெண்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. தாம் பணியாற்றிய ஊரையும் அவர் விடவில்லை. 21 உடன் அதன் இலக்கங்களாகிய 2, 1 ஆகியவற்றைக் கூட்டினால் 24 வரும்; ஆகவே 24 க்கு 21 பிறப்பிடம். ஆனால் 20 க்கு இவ்வாறு பிறப்பிடமாகும் எண் எதுவும் இல்லை. 31, 42, 53 ஆகியவற்றுக்கும் இல்லை. பிறப்பிடம் அற்ற இவ்வெண்களை அவர் 'தேவ்லாலி எண்கள்' என்றார். 45 ஐ 45 ஆல் பெருக்கினால் 2025; அதனை இரண்டாகப் பிரித்துக் கூட்டினால் 20 + 25 = 45. இத்தகைய எண்கள் அவர் பெயராலேயே 'காப்ரேக்கர் எண்கள்' எனப்படுகின்றன. 9, 55, 99, 297 ஆகியவையும் அவ்வினத்தவை.

நாட்டின் கணித அறிஞர் பலர் இம்முயற்சிகளைப் பெரிதாகக் கருதவில்லை. அவர்களின் மறுப்பில் பொருள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மறுப்பை விளங்கிக்கொள்ள இராமானுசனின் எண் உதவும். 1729 என்பது 1, 12 ஆகியவற்றின் கனங்களின் கூட்டுத்தொகை. 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூட்டுத்தொகையும் அதுவே. இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 1729. இவ்வுண்மை எண்ணை எம்முறையில் எழுதினாலும் மாறாது. உரோம எழுத்தில் எழுதினாலும், கூழாங்கற்களை எண்ணி வைத்தாலும் அது அவ்வாறே இருக்கும். 6174 இன் நிலை வேறு. எண்களைப் பத்துப் பத்தாகத் தொகுத்து, இடமதிப்புடன் எழுதும் வழக்கம் இருப்பதனால் மட்டுமே அதன் இயல்பு தோன்றுகிறது. எட்டு எட்டாகத் தொகுத்து எழுதும் மக்கள் இருந்தால் அவர்களுக்கு 6174 சிறப்பற்ற எண்ணாகவே தோன்றும்.

தமிழின் பழைய எண்முறையே இதற்குச் சான்றாகும். அம்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் உண்டு, சுழியம் இல்லை. 6174 என்பது ௬௲௱௭௰௪ என்று எழுதப்படும். 'ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு' என்று வாயால் சொல்வதைப் போலவே எழுத்தும் அமைந்துள்ளது. 7641 என்பதோ ௭௲௬௱௪௰௧ ஆகிவிடும். முன்னதில் ஆறு குறிகள், பின்னதில் ஏழு. 0378 இன் முதற்சுழியத்துக்கு இங்கு இடமே இல்லை. குறிகளைக் கலைத்து வரிசை மாற்றினால் எண்ணே உருவாகாது. வணிகக் கணக்கும் நிலக்கணக்கும் எழுத அம்முறை போதுமானதாக இருந்தது. காப்ரேக்கரின் கணக்கு அதில் பிறந்திருக்க இயலாது.

ஆகவே, காப்ரேக்கர் கண்டது எண்ணின் இயல்பு அன்று, எண்ணை எழுதும் முறையின் இயல்பு என்று சொன்னால் அது சரியே. ஆனால் எழுதும் முறையும் ஆராய்வதற்கு உரிய பொருளே. நாள்தோறும் கோடிக்கணக்கானோர் கையாளும் பத்து இலக்கங்களுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு மறைந்திருந்தது. அதைச் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டு கூறினார். அது சிறிய உண்மையாக இருக்கலாம். பொய்யாகாத உண்மை.

இராமானுசனின் 1729 ஐயும் காப்ரேக்கரின் கணக்கில் இட்டுப் பார்க்கலாம். 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174 என்று அது செல்கிறது. மொத்தம் ஏழு படிகள். எந்த எண்ணுக்கும் இதைவிட மிகுதியான படிகள் தேவைப்படுவதில்லை. 1729 இன் இலக்கங்களைக் கூட்டினால் 19; 19 × 91 = 1729. ஆகவே அதுவும் ஹர்ஷத எண்ணே.

1975 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தாம் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியில் காப்ரேக்கரைப் பற்றி எழுதினார். அதன்பின் உலகெங்கும் அவர் பெயர் பரவியது. அப்போது அவருக்கு வயது எழுபது. பணி ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 1986 இல் அவர் மறைந்தார்.

நான்கு இலக்கத்துக்கு 6174 வாய்த்ததைப் போல எல்லா நீளத்துக்கும் ஓர் எண் வாய்க்கவில்லை. இரண்டு இலக்கங்களைக் கொண்டு தொடங்கினால் 81, 63, 27, 45, 09, மீண்டும் 81 என்று கணக்கு வட்டமடிக்கும். ஐந்து இலக்கங்களிலும் அவ்வாறே சுழல்கள் உள்ளன: 95553 – 35559 = 59994; 99954 – 45999 = 53955; அதிலிருந்து மீண்டும் 59994. மூன்று இலக்கங்களுக்கு மட்டும் நான்கைப் போலவே ஒரு முடிவெண் உண்டு. அஃது எது என்பதைக் கீழுள்ள பயிற்சியில் காணலாம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டு இக்கணக்கைச் செய்க. எத்தனை படிகளில் 6174 வந்தது? வழியில் 8352 வந்ததா?

2. உங்கள் விருப்பப்படி மூன்று இலக்கங்களை எடுத்துக்கொண்டு (மூன்றும் ஒன்றாக இருத்தல் கூடாது) அதே முறையில் கழித்துச் செல்க. எந்த எண்ணில் நிற்கிறது? உடன் பயிலும் இருவரின் விடையோடு ஒப்பிடுக.

3. 8352, 9621, 7083 ஆகிய எண்களைத் தமிழ்ச் சொற்களாலும் பழைய தமிழ் எண்முறையிலும் எழுதுக.

4. 'எண்', 'இலக்கம்' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டைப் பாடத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.

5. பிரித்து எழுதுக: அவ்வெண், இம்முறை, பள்ளிப்பருவம், முதற்கழித்தல், எழுதுகோல்.

6. இலக்கங்களின் இயல்பை ஆராய்வது வெறும் விளையாட்டே என்பது ஒரு சாரார் கருத்து. அதனை ஏற்றோ மறுத்தோ 1729, 6174 ஆகிய இரு எண்களையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.